தண்ணீரை வடித்துவிட்டேன்

கணினியின் சூட்டைத் தண்ணீர் ஓட்டித் தணிக்கும் வாட்டர் கூலிங்கைக் கழற்றிவிட்டு, பழையபடி ஹீட்சிங்க்கும் (சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகள்) விசிறியுமாக மாற்றிவிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து ஒரே விசாரிப்பு. "ஒழுகிவிட்டதா?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. இல்லை. ஒரு சொட்டுகூட மதர்போர்டில் விழவில்லை. பம்ப் பழுதாகவில்லை, எதுவும் கருகவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கழற்றினேன். நண்பர்களுக்கு அதுதான் செரிக்கவில்லை. ஒழுகியிருந்தால் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களைச் செய்து கொடுப்பது என் தொழில். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத வீட்டின் வரவேற்பறையில் மாலை வெயில் எப்படி விழும் என்று வீட்டுக்காரருக்கு இன்றே காட்ட வேண்டும். பகலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் காட்சியை அமைத்துவிட்டு, அதை முழுப் படமாகக் கணக்கிட்டு வரையும் ரெண்டரிங்கை இரவில் போட்டால், விடியும்வரை பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஓய்வில்லாமல் உழைக்கும். பிராசசர் 16 கோர்கள் கொண்ட ரைசன் 9 5950எக்ஸ். முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும். கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. அதற்கு 320 வாட். இரண்டும் சேர்ந்து 460 வாட்டை இரவு முழுக்க வெப்பமாகக் கொட்டும். அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் நாங்கள் தூங்குகிறோம். ஆக, என்னை வாட்டர் கூலிங்கின் பக்கம் தள்ளியது வெப்பத்தைவிடச் சத்தம்தான். அழகும் ஒரு காரணம் என்பதை மறைக்கப் போவதில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குழாய்கள் ஒரே வளைவில் திரும்பி நிற்பதைப் பார்த்தால் எந்தத் தொழிற்காரனுக்கும் கை ஊறும்.

நான் பொருத்தியவை இவை: கேபினெட்டின் மேற்பகுதியில் தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், முன்பக்கம் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர், ஆக ஐந்து விசிறிகள். பிராசசருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என, மேலே உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும், நிக்கல் பூசிய இரண்டு செம்பு வாட்டர் பிளாக்குகள். ஒரு டி5 பம்ப், அதன் தலையில் ஒரு கண்ணாடி போன்ற அக்ரிலிக் தொட்டி. இவற்றையெல்லாம் இணைக்கும் குழாய்களும், குழாய் மூட்டுகளான பிட்டிங்குகளும். தண்ணீர் சுற்றிவரும் இந்த முழு லூப்புக்கும் 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இதில் எரிச்சலூட்டியது பிட்டிங்குகளின் விலைதான். விரற்கடை உயரப் பித்தளைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டைவிட அதிக விலை. பித்தளை பிட்டிங்குகளைக் கிலோக் கணக்கில் கடையும் கோவையில் உட்கார்ந்துகொண்டு அவற்றை இறக்குமதி விலையில் வாங்கியதை அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்பா ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லூப் தயாரானதும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விளக்குகளைப் பற்றியோ குழாயின் வளைவுகளைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இத்தனை ஜாயிண்ட் எதற்குக் கண்ணு?" என்றார்.

நான் விளக்கினேன். கேட்டுவிட்டு, "பம்ப் நின்றுபோனால்?" என்றார்.

பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் சூடு ஏறினால் கணினி தானாக அணைந்துவிடும், ஆபத்தில்லை என்றேன். தலையாட்டினார். ஆனால் டி5 பம்பின் அமைப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. ஜெர்மனியின் லாயிங் நிறுவனம் உருவாக்கிய வடிவம் அது. அதில் ஷாஃப்ட், அதாவது சுழல் தண்டு, கிடையாது. கிண்ண வடிவ ரோட்டர் ஒரு பீங்கான் உருண்டையின்மேல் உட்கார்ந்து சுழல்கிறது. மோட்டாரின் மின்சுற்று முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம். தண்ணீர் இந்தப் பக்கம். ஷாஃப்ட் இல்லாததால் அதைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் சீலும் இல்லை. சீல் இல்லாததால் சீல் ஒழுகும் பேச்சும் இல்லை. ஓடும் தண்ணீரே பேரிங்குக்கு எண்ணெய். வாழ்நாளெல்லாம் சீல் மாற்றிய மனிதருக்கு அது பெரிய விஷயம். "அப்படியென்றால் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதே" என்று மட்டும் சொன்னார். எந்தக் கையேட்டிலும் முதலில் இருக்கும் எச்சரிக்கை அது.

இனி, தண்ணீர் உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பணம் செலவழிப்பவர்கள்தான் அதிகம்.

தண்ணீர் பிராசசரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்வது காற்றுதான். எந்தக் கணினியும் கடைசியில் காற்றால்தான் குளிர்கிறது. வித்தியாசம், வெப்பம் காற்றிடம் ஒப்படைக்கப்படும் இடம் எங்கே, அது எத்தனை பெரியது என்பதில் இருக்கிறது. பிராசசரின் தலைக்குமேல் கிடைக்கும் இடம் சிறியது. கேபினெட்டின் கூரையும் முன்சுவரும் பெரியவை. தண்ணீர் அந்தத் தூரத்தைக் கடக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

அந்த வேலைக்குத் தண்ணீர் மிகவும் பொருத்தமானது. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். கிட்டத்தட்ட 3,500 மடங்கு வித்தியாசம். விளம்பரங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. நாம் இன்னும் ஒரு அடி போய்ப் பார்க்கலாம். என் லூப்பில் இருந்தது ஏறத்தாழ ஒரு லிட்டர். 460 வாட் என்றால் நொடிக்கு 460 ஜூல். 4,200ஐ 460ஆல் வகுத்தால் ஒன்பது சொச்சம். ரேடியேட்டர் விசிறிகள் ஓடவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்பது நொடிக்கு ஒரு டிகிரி வீதம் ஒன்றரை நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். விசிறிகள் ஓடுவதால் அந்த ஏற்றம் மெதுவாகிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு நிலைக்கு வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு தண்ணீரின் கொள்ளளவுக்கு வேலையே இல்லை. வருகிற வெப்பம் வந்தபடியே வெளியேறியாக வேண்டும். அங்கிருந்து விடியும்வரை கணக்கு ரேடியேட்டரின் பரப்புக்கும் விசிறிகளுக்கும் இடையில்தான்.

நிமிடக் கணக்கில் ஏறி இறங்கும் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கொள்ளளவு பயன்படும். தண்ணீர் மெதுவாகச் சூடாவதால், விசிறிகளைத் தண்ணீரின் வெப்பநிலையோடு இணைத்துவிட்டால், ஒரு மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் அவை சீறாது. வாட்டர் கூலிங்கின் மிகப் பெரிய சுகம் இந்த ஒரே சீரான அமைதிதான் என்பது என் கருத்து. ஆனால் இரவெல்லாம் ரெண்டர் செய்பவனுக்கு அது முதல் கால் மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது.

அடுத்தது பிராசசர். அறை 30 டிகிரியில் இருக்கும்போது முழு வேலையில் என் லூப்பின் தண்ணீர் 41 டிகிரியில் நிற்கும். பிராசசர் 74 காட்டும். இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அறைக்கும் தண்ணீருக்கும் இடையே 11 டிகிரி. தண்ணீருக்கும் பிராசசருக்கும் இடையே 33 டிகிரி. ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் குறைவது அந்தப் பதினொன்றில் ஒரு பகுதி மட்டும். முப்பத்து மூன்றை ரேடியேட்டர் தொடவே முடியாது. அது சில்லுக்குள், சில்லின் மூடிக்குள், மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்டுக்குள் இருக்கும் தடை. இந்த பிராசசரில் கோர்கள் இருக்கும் சில்லு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர்தான். சுண்டு விரல் நகத்தளவு. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அத்தனை வெப்பம் வெளியே வரும் வாசலே குறுகல். வாசலுக்கு வெளியே சாலையை எத்தனை அகலப்படுத்தினாலும் ஓரளவுக்குமேல் பயனில்லை.

கிராபிக்ஸ் கார்டின் கதை வேறு. 3080இன் சில்லு 628 சதுர மில்லிமீட்டர். மேலே மூடியும் கிடையாது. வாட்டர் பிளாக் நேரடியாகச் சில்லின்மேல் உட்காருகிறது. 320 வாட் இழுத்தும் அது 54 டிகிரியைத் தாண்டியதில்லை. லூப் போட்டதில் உண்மையான லாபம் கார்டுக்குத்தான் கிடைத்தது. படம் எடுத்துப் போடுபவர்கள் எல்லோரும் பிராசசரின் பிளாக்கைத்தான் நடுவில் வைத்து எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அறை குளிரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 460 வாட் தண்ணீர் வழியாகப் போனாலும் உலோகம் வழியாகப் போனாலும் வந்து சேரும் இடம் உங்கள் அறைதான். மே மாத இரவில் இரண்டுக்கும் ஒரே புழுக்கம்.

இப்போது பராமரிப்பு. பிடிக்காத வேலையாக இருந்திருந்தால் என்றைக்கோ விட்டிருப்பேன். பிடித்தது. அதனால்தான் இத்தனை காலம் இழுத்தது.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்தபோது தங்கிய ஃப்ளக்ஸ் கழிவு இருக்கும். சூடான தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கொட்ட வேண்டும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். அந்த நீருக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பேட்டரிக் கடையில் கேனில் விற்கிறார்கள். கோவைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி நாம் உலகத்துக்கே பெருமையடிக்கலாம், லூப்பில் மட்டும் ஊற்றக்கூடாது. ருசி தருகிற உப்புகள்தான் செம்பின்மேல் படிகின்றன. ஆழ்குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காய்ச்சி வடித்த நீர் தனியாகவும் போதாது. பாசி பிடிக்காமலிருக்க ஒரு மருந்து, உலோகம் அரிக்காமலிருக்க ஒரு மருந்து. லூப்பில் செம்பும் பித்தளையும் நிக்கலும் இருக்கலாம். அலுமினியம் மட்டும் எங்கும் நுழையக்கூடாது. செம்போடு அலுமினியம் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். விலை மலிவான ரேடியேட்டர்களில் பல அலுமினியத்தால் ஆனவை என்பதால், பெட்டியின்மேல் எழுதியிருப்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது, ஒழுகினாலும் பயமில்லை என்றொரு நம்பிக்கை உலவுகிறது. கேனிலிருந்து ஊற்றும்போது உண்மைதான். உலோகங்களைத் தொட்டுச் சுற்ற ஆரம்பித்த பிறகு அது தூய நீர் இல்லை.

நிறத் திரவங்கள் பக்கம் நான் போகவில்லை. பால் வெள்ளையாகவும் வெளிர் பச்சையாகவும் படங்களில் மின்னுபவை, நுண்ணிய துகள்கள் கலந்து மிதப்பவை. ஓட்டம் மெதுவாகும் இடங்களில் அந்தத் துகள் படியும். வாட்டர் பிளாக்கின் உள்ளே சீப்புப் பல் போல வரிசையாக வெட்டிய செம்புத் தகடுகள் இருக்கின்றன. இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. துகள் முதலில் தேடிப் போகும் வீடு அதுதான்.

நிறம் இல்லாமலே எனக்கு அந்த அனுபவம் கிடைத்தது. முதலில் போட்டவை ஒளி ஊடுருவும் பிவிசி குழாய்கள். அவற்றை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல மெல்லத் தண்ணீரில் கசியும். குழாய் பனி படர்ந்ததாக மங்கியது. பிராசசரின் சூடு ஓரிரு டிகிரி ஏறியது. பிளாக்கைத் திறந்து பார்த்தால் தகடுகளுக்கிடையே வெள்ளை மெழுகு. குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ்தான் அதற்கு ஏற்ற கருவி. பிறகு கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாய்களுக்கு மாறினேன். மெழுகுத் தொல்லை ஒழிந்தது. அழகும் பாதி போயிற்று. உள்ளே என்ன ஓடுகிறது என்றே தெரியாத கறுப்புக் குழாய்களைப் பார்த்து, "இப்போதுதான் ஒழுங்கான ஹோஸ் போட்டிருக்கிறாய்" என்று அப்பா மட்டும் மகிழ்ந்தார்.

தண்ணீர் மாற்றும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கும். அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்தால் பாதிதான் வரும். மீதி ரேடியேட்டரின் மூலைகளில் ஒளிந்துகொண்டிருக்கும். கேபினெட்டைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை விரலில் உருட்டிப் பார்த்து, தட்டையாகிப்போனவற்றை மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் தடவித் திரும்பப் போட வேண்டும். அக்ரிலிக் பாகங்களை ஆல்கஹாலால் துடைக்கக்கூடாது. மயிரிழை விரிசல் விழும். பிட்டிங்கை ஸ்பேனர் போட்டு இறுக்கவும் கூடாது. ஓ-ரிங் நசுங்கும் அளவுக்குக் கையால் இறுக்கினால் போதும்.

பிறகு நிரப்புவது. மதர்போர்டின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனைப் பிளக்கில் பச்சைக் கம்பியின் முனையையும் ஒரு கறுப்புக் கம்பியின் முனையையும் சின்னக் கம்பியால் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க உடனே அணைத்து, ஊற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். காற்றுக் குமிழ் பம்பில் சிக்கினால் கரகரவென்று சத்தம் வரும். "ஏர் லாக்" என்று அடுத்த அறையிலிருந்தே அப்பா சொல்லிவிடுவார். மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ காகிதம் வைத்து இரவு முழுக்க ஓட விட்டு, காலையில் ஒவ்வொரு காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். காற்றழுத்தச் சோதனைக் கருவி வந்த பிறகு அந்தப் பதற்றம் குறைந்தது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே காற்றை அடைத்து, முள் இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். வாட்டர் கூலிங் போட நினைப்பவர்கள் பிராசசருக்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.

இத்தனையும் எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை. கோப்புகளைச் சேமிக்கும் ஒரு எஸ்எஸ்டிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

வேலைக்கான கோப்புகள் பெருகி, இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினேன். மதர்போர்டில் அதற்கான இடம் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில். சாதாரணக் கணினியில் கார்டைப் பிடுங்கி, ஒரு திருகைக் கழற்றி, எஸ்எஸ்டியைச் செருகி, கார்டைத் திரும்பப் பொருத்தினால் முடிந்தது. காபி ஆறுவதற்குள் செய்யக்கூடிய வேலை. எனக்கோ கார்டு குழாய்களால் கட்டப்பட்டிருந்தது. அதை அசைக்க லூப்பை வடிக்க வேண்டும். வடித்தால் நிரப்ப வேண்டும். நிரப்பினால் சோதிக்க வேண்டும். அடுத்த தண்ணீர் மாற்றத்தின்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று எஸ்எஸ்டியை மேசை இழுப்பறையில் வைத்தேன். யூஎஸ்பியில் தொங்கும் வெளி டிஸ்க்கை வைத்து மாதக்கணக்கில் வேலையை ஓட்டினேன்.

அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தவன் நான். ராமை இடம் மாற்றுவது, நண்பனின் கார்டை ஒரு மாலைக்குச் செருகிப் பார்ப்பது, சும்மா திறந்து தூசி தட்டுவது. இருப்பதிலேயே அதிகமாகக் கைவேலை செய்து கட்டிய கணினியைத்தான் இருப்பதிலேயே குறைவாகத் திறந்துகொண்டிருந்தேன். ஒழுகும் பயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தத் தயக்கத்தைப் பற்றி யாரும் எச்சரித்ததாக நினைவில்லை.

புதுக் கார்டு வாங்கும் யோசனையும் அதே இடத்தில் வந்து முட்டியது. கார்டின் வாட்டர் பிளாக் அந்த ஒரு மாடலின் பலகைக்கென்றே வெட்டப்பட்டது. கார்டை மாற்றினால் பிளாக் வெறும் செம்பு. பம்பையும் ரேடியேட்டரையும் பல தலைமுறைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். உண்மையான லாபம் தருகிற அந்தப் பாகத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து காற்றுக்குத் திரும்புவது பெரிய நிறுவனங்களும் நடந்த வழிதான். ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 பெருங்கணினியில், நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒரே பெட்டகத்தில் அடுக்கி, ஹீலியம் நிரப்பி, மேலே குளிர்நீர்த் தகட்டை வைத்து இறுக்கியிருந்தார்கள். அன்றைய பைபோலார் சில்லுகள் கக்கிய வெப்பத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. 1990களின் நடுவில் அதே நிறுவனம் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் சில்லுகளுக்கு மாறியபோது தண்ணீர்க் குழாய்கள் காணாமல் போயின. பிறகு சிமாஸும் சூடாகி, 2010இல் வந்த இசட்196 பெருங்கணினியில் தண்ணீர் ஒரு விருப்பத் தேர்வாகத் திரும்பி வந்தது. ஆப்பிள் 2004இல் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5இல் திரவக் குளிர்விப்பை வைத்தது. வயதான பிறகு அவற்றில் பல ஒழுகியது பழைய மேக் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2006இல் இன்டெல் சில்லோடு வந்த மேக் ப்ரோவில் மறுபடி காற்றுதான். இரண்டு கதைகளிலும் தண்ணீரை வெளியேற்றியது குறைவாகச் சூடாகும் சில்லுதான்; மேம்பட்ட விசிறி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நானும் இறங்கினேன்.

முதலில் லூப்பைத் தொடாமல் அமைப்புகளை மாற்றினேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் பிராசசரின் உச்சவரம்பை 142 வாட்டிலிருந்து 110க்கு இறக்கினேன். கார்டின் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, 320 வாட் இழுத்தது 250ஐ ஒட்டி நிற்கும் நிலைக்குக் கொண்டு வந்தேன். ரெண்டரிங் நேரம் சில சதவீதம் கூடியது. இரவு ஓடும் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு சில்லுகளையும் கடைசிச் சொட்டு வேகத்துக்காகத் திறனுக்கு ஒவ்வாத அளவு மின்சாரம் இழுக்கும்படி அமைத்துத்தான் விற்கிறார்கள். மொத்தத்தில் 100 வாட் காணாமல் போனது. எந்த ரேடியேட்டரும் அந்த 100 வாட்டை அறைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருக்க முடியாது. அறையின் புழுக்கம் குறைந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு வடித்தேன்.

பிராசசருக்கு நாக்டுவா என்எச்-டி15 வாங்கினேன். ஆஸ்திரிய நிறுவனம், 2014இல் வந்த மாடல். இரட்டைக் கோபுரம், ஆறு வெப்பக்குழாய்கள், இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள், உயரம் 165 மில்லிமீட்டர், விசிறிகளோடு எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். கேபினெட் அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். உயரமான ராம் இருந்தால் முன் விசிறியைக் கொஞ்சம் தூக்கி மாட்ட வேண்டும். இன்று யாராவது கேட்டால், தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120ஐப் பாருங்கள் என்பேன். பாதி விலைக்கும் குறைவு, வேலையில் பெரிய வித்தியாசமில்லை. நான் நாக்டுவா வாங்கியதற்குக் காரணம், பிராசசர் உட்காரும் புதிய சாக்கெட்டுகள் வரும்போது பழைய வாடிக்கையாளர்களுக்கும் பொருத்தும் சட்டத்தை இலவசமாக அனுப்பும் அவர்களுடைய பழக்கம். 2009இல் வந்த அவர்களுடைய என்எச்-டி14ஐ இன்றைய ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டிலும் மாட்ட முடிகிறது. கார்டு மாறும்போதெல்லாம் பிளாக்கைத் தூக்கிப் போட நினைத்தவனுக்கு அது கண்ணில் ஒற்றிக்கொள்ளும் விஷயம்.

அந்தக் கோபுரத்தை அப்பா கையில் கொடுத்தேன். எடையைப் பார்த்துவிட்டு, குழாய்களைத் தட்டி, "உள்ளே என்ன?" என்றார். தண்ணீர்தான் என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்தார்.

கிண்டலில்லை. வெப்பக்குழாய் என்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி நீரை மட்டும் விட்டு அடைத்த செம்புக் குழாய். உள்ளே அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் அந்த நீர் கை பொறுக்கும் சூட்டிலேயே ஆவியாகும். பிராசசர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் ஓடிக் குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் உறிஞ்ச மறுபடி பிராசசர் பக்கம் வருகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை விண்வெளி அணு உலைகளுக்காகச் செய்து காட்டினார். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் எடுத்துக்கொள்கிறது. 142 வாட்டைச் சுமக்க நொடிக்கு 0.06 கிராம் நீர் ஆவியானால் போதும். என் லூப்பிலோ நொடிக்கு நாற்பது கிராம் போல ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லை, ஜாயிண்ட் இல்லை, ஓ-ரிங் இல்லை. அப்பா அதைக் கீழே வைக்க வெகுநேரம் ஆயிற்று.

கார்டுக்கு அதன் பழைய ஹீட்சிங்கையே திரும்பப் பொருத்தினேன். பெட்டியில் திருகுகளோடு பத்திரமாக இருந்தது. மெமரிச் சில்லுகளுக்கான தெர்மல் பேடுகளில் மட்டும் பழையவற்றைத் திரும்பப் போடக்கூடாது. தடிமன் மாறினால் நடுச் சில்லில் சரியாக அழுந்தாது என்பதால் அளவு பார்த்துப் புதிது வாங்க வேண்டும்.

இப்போது அதே 30 டிகிரி அறையில் விடிய விடிய ஓடினால் பிராசசர் 72இல் நிற்கிறது. வரம்பைத் தளர்த்தி 142 வாட் கொடுத்தால் 79. கார்டு 68. லூப்போடு ஒப்பிட்டால் பிராசசருக்கு ஐந்து டிகிரி நஷ்டம், கார்டுக்கு அதைவிட அதிகம். சத்தம் எப்படி என்றால், கார்டின் விசிறிகள் மட்டும் கேட்கின்றன. கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. பம்பின் ரீங்காரம் போனது எதிர்பாராத வரவு. மெல்லியதுதான், ஆனால் கேபினெட்டின் தகட்டில் ஏறி மேசை வழியாக முழங்கைக்கு வந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன வேலைகளுக்கு விசிறி சீறும் பிரச்சினையை, வேகம் மாறுவதற்கு முன் சில நொடி தாமதிக்கும்படி பயாஸில் அமைத்துத் தீர்த்துக்கொண்டேன். பராமரிப்பு என்று சொல்லப்போனால், அவ்வப்போது மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் புளோயரால் தூசி ஊதுவது மட்டும்தான்.

வாட்டர் கூலிங் வீண் என்று யாரும் படித்துவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கும். அப்படி இரண்டு கார்டுகளை ஒரே கேபினெட்டில் வைத்து ரெண்டர் செய்பவருக்கு, ஒன்றின் சூட்டை மற்றொன்று மூச்சாக இழுப்பதைத் தடுக்கத் தண்ணீரைவிட நல்ல வழி தெரியவில்லை. தரவு மையங்களில் ஒரே அலமாரியில் நூறு கிலோவாட்டுக்கு மேல் அடுக்குகிறார்கள். அங்கே காற்றுக்கு இடமே இல்லை. குழாய் வளைப்பதே பொழுதுபோக்காக இருப்பவர்களுக்கும் நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சுகம் எனக்குத் தெரியும்.

எஸ்எஸ்டி இழுப்பறையிலிருந்து தன் இடத்துக்குப் போய்விட்டது. அதன்பின் ராமையும் கூட்டினேன்; தேவையே இல்லாமல் ஒரு நாள் விசிறியின் திசையைத் திருப்பியும் பார்த்தேன்.

லூப்பை அப்படியே ஒரு கல்லூரி மாணவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். வடிகால் வால்வைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பிவிசி குழாய் வேண்டாம், பேட்டரித் தண்ணீரும் மருந்தும் போதும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். போகும்போது, "அண்ணா, பால் வெள்ளை நிறத்தில் ஒரு கூலன்ட் பார்த்தேன், அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பழைய பிரஷையும் எடுத்து அவர் பையில் போட்டு அனுப்பினேன்.